ஓட்டுக்கு வரி, புல்லுக்கு இல்லை

நங்கையா தலையில் ஓடு சுமந்துகொண்டு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறி வந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். சாக்கைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, செங்குத்தான இடங்களில் ஒரு கையை முழங்காலில் ஊன்றி ஏறுவார். அவர் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சந்தைக்கு மிளகும் பலாப்பழமும் இறக்கிப் போகிறவர், திரும்பும்போது காளப்பநாயக்கன்பட்டியில் தலை தாங்குகிற அளவுக்கு ஓடு வாங்கி வருவார். நான் அங்கே பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். சில சனிக்கிழமைகளில் நானும் கூடவே ஒரு கட்டு ஓடு சுமந்திருக்கிறேன். பாதி வழியில் என் கழுத்து திரும்பாது. அவர் பேசிக்கொண்டே நடப்பார்.

அந்த ஓடுகள் எல்லாம் அண்ணனுக்காக. தேன் எடுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. புல் வேய்ந்த கூரை மழைக்கு ஒழுகும். ஈரப் பாயிலேயே கிடந்து முதுகில் புண் வைத்துவிட்டது. கட்டிலை எந்த மூலைக்கு இழுத்துப் போட்டாலும் அங்கேயும் ஒழுகும். இரண்டு ஆனி ஆடிகளை அப்படிக் கழித்த பிறகுதான் நங்கையா ஓடு சுமக்கத் தொடங்கினார். ஒற்றை அறைதான். ஓடு போட்டு முடிந்து வந்த முதல் மழையில், மேலேயே பார்த்துக்கொண்டு படுத்திருந்த அண்ணன், "ஒரு பொட்டுத் தண்ணி உளுகலையே புள்ள" என்று சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பஞ்சாயத்துக்குப் பிரசிடெண்டாக வந்தவர் எங்கள் சித்தப்பாவின் மகன். சுனைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மிளகுத் தோட்டத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். அண்ணன் படுக்கையில் விழுந்ததும் கேட்டுப் பார்த்தார். நங்கையா தரமாட்டேன் என்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டு வரி வந்தது. புல் வேய்ந்த குடிசைக்கு வரி இல்லை, ஓட்டு வீட்டுக்கு உண்டு. கோயிலுக்கு விலக்கு. ஆதரவில்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து பார்த்து விலக்குக் கொடுக்கலாம். பிரசிடெண்டு தன் பெரிய ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, அதைக் கோயில் என்று எழுதிக்கொண்டார். எங்கள் ஒற்றை அறைக்கு, கடைத்தெரு வீடுகளுக்குப் போட்ட மதிப்பையே போட்டார்.

விலக்குக் கேட்டு நான் மனு எழுதினேன். நங்கையாவும் நானும் ஆபீசுக்குப் போனோம். பிரசிடெண்டு எழுந்து நின்று நங்கையாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அண்ணனுக்குப் புண் ஆறிவிட்டதா என்று விசாரித்தார். மனுவைப் படித்துவிட்டு, படுத்துக் கிடந்தாலும் குடும்பத்தலைவர் உயிரோடு இருக்கிறாரே, ஆதரவில்லாத வீடு என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: "ஏனுங்க நங்கையா, ஓட்டுக்குத்தானுங்களே வரி? கஷ்டமா இருந்தாப் பிரிச்சுப் போட்டுருங்க. புல்லுக்கு நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லீங்க."

உட்கார்ந்திருந்த மெம்பர்கள் சிரித்தார்கள்.

அந்த முறை வரியை நான் கட்டினேன். அடுத்த முறை மதிப்பை உயர்த்திவிட்டார்கள். சம்பளக்காரத் தம்பி இருக்கிற வீடாம். மேலே அப்பீல் போட்டதற்குப் பதிலே வரவில்லை. பாக்கி நின்றதும், முதலில் கதவைக் கழற்றுவோம், பிறகு தோட்டத்துக்கு வருவோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் கடன் வாங்கி வருவதற்குள் நங்கையா முடிவு செய்துவிட்டார். தோட்டம் போனால் அண்ணனுக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லை. ஐப்பசி மாதத்தில், தனியாக ஏறி, ஓட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினார். வேய்வதற்குப் புல் தை மாதத்தில்தான் முற்றும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய பழம்புல்லைப் பரப்பி, மேலே கல் வைத்தார்.

தீபாவளி விடுமுறைக்கு நான் மேலே போனபோது மழை விட்டபாடில்லை. அண்ணன் மேல் சாக்கைப் போர்த்தி, அதன் மேல் வாழை இலைகளைப் போட்டிருந்தார் நங்கையா. அண்ணனுக்கு நெருப்பாகக் காய்ந்தது. "ஓட்டை எங்க புள்ள வெச்ச?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நங்கையா இலையில் தேங்கிய தண்ணீரைக் கையால் வழித்துக்கொண்டிருந்தார். கட்டிலோடு தூக்கி அடிவாரத்துக்கு இறக்கலாம் என்று நான் ஆள் தேடிப் போனேன். அந்த மழையில் பாதை இறங்க ஒருவரும் துணியவில்லை. நான் திரும்பி வந்தபோது நங்கையா அண்ணனின் கண்களை மூடிவிட்டிருந்தார்.

அதற்கு முந்தின வாரமே, பழைய பாக்கிக்கு என்று சொல்லிச் சுவரோரம் அடுக்கியிருந்த ஓடுகளைப் பஞ்சாயத்து ஆட்கள் தூக்கிப் போய்விட்டார்கள். அவை பிரசிடெண்டின் மாட்டுக்கொட்டகைக்குப் போயின. கொட்டகைக்கு வரி இல்லை.

இழவுக்குப் பிரசிடெண்டு வந்தார். அண்ணன் காலைத் தொட்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலையின் இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, இனிமேல் இது ஆதரவில்லாத விதவையின் வீடு, இதற்கு வரியே கிடையாது, நங்கையா விரும்பினால் ஓடே போட்டுக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். பெரியவர்கள் சிலர் அவரைக் கும்பிட்டார்கள்.

நங்கையா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "வெலக்குக்கு ஒரு பொணம் வேணும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். குரல் உயரவில்லை.

ஊர் நங்கையா பக்கம் நிற்கவில்லை. நல்லது செய்ய வந்தவரை எழவு வீட்டில் வைத்து அவமானப்படுத்தினாள் என்று பெண்களே பேசினார்கள். கருமாதிக்குப் பாதிப் பேர் வரவில்லை. விலக்கு மட்டும் சொன்னபடியே வந்தது.

பிற்பாடு ரோடு வந்தது. லாரியில் ஓடு ஏற்றி வந்து இறக்கிவிடுகிறேன், என் செலவு என்று நான் நங்கையாவிடம் சொல்லிப் பார்த்தேன். இப்போது அந்த ஊரில் புல் வீடே இல்லை, எல்லாம் தளம் போட்டாயிற்று. அவர் சாகும்வரை புல்லுக்கடியிலேயே இருந்தார். ஓடு இறக்குகிறேன் என்று நான் கேட்ட அன்று அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்:

"எதுக்குங் கண்ணு? இனி நனையறது நான் ஒருத்திதானே."