அப்பாவுக்குத் துண்டு போட்ட இடம்

மலைக்குப் போகும் பஸ்ஸில் இடம் பிடிப்பதில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அம்பாசமுத்திரத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் அவருடைய துண்டு சன்னல் வழியாக உள்ளே போய்விடும். சன்னலோரம் அம்மாவுக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். "நாள் பூரா தேயிலைக் காட்டுல ஏறி இறங்குதா, பஸ்ஸுல ஏறினா மட்டும் தலை நிக்க மாட்டேங்கு" என்பார் அப்பா.

எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியைத் தன் போக்கில் வளர விடாமல் இடுப்பு உயரத்துக்கு வெட்டி வெட்டி நிறுத்துவதுதான் கவ்வாத்து. விட்டால் அது மரம் என்று அவர் சொல்லும்போது நாங்கள் நம்பியதில்லை.

அம்மா போனது அடைமழைக் காலத்தில். சிலுவை செய்யக் காய்ந்த மரம் ஒன்றும் கிடைக்கவில்லை. தேயிலைக்கு நிழலாக நட்டிருந்த முள்முருங்கையில் ஒரு கம்பை அப்பா சாய்த்து வெட்டினார். அதைக் கல்லறையில் ஊன்றி, குறுக்குக் கட்டையை வேலிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். மழை விடுவதற்குள் சிலுவை துளிர்த்துவிட்டது.

வரிசையாய் ஒட்டி நின்ற எங்கள் லயன் வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. எதிர் வீட்டு அத்தை நேராகவே கேட்டுவிட்டாள். "ஏண்ணே, கல்யாணப் பந்தல்ல நடுத கம்பையா கல்லறையில நடுவாக?"

"எங்க கல்யாணத்துல எங்க நட்டோம் தாயி? கோயில்ல ரெண்டு பாட்டோட முடிச்சுட்டாவ. இப்பம் நட்டாச்சு" என்றார் அப்பா.

அதற்கப்புறம் சிரித்தவர்கள் வீட்டுக் கல்லறைக்கும் பச்சை முள்முருங்கைக் கம்புதான். வழக்கம் என்பது அப்படித்தான் உண்டாகிறது போல.

பிறகு எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனை மூடி வனத்துறையிடம் விட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டைக்கு இறங்கி வந்தோம். வீட்டுக்குப் பின்னால் அப்பா முள்முருங்கையையே வேலியாக வைத்தார். சளி பிடித்தால் அந்த இலையில் அடை. மற்ற நாளில் அதன் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளை ஒட்டி, எனக்கும் தங்கச்சிக்கும் மலையில் ஒரு நாள் போய்வர அனுமதி கிடைத்தது. அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கிளம்பும்போது வேலியில் ஒரு கம்பை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி நீட்டினார்.

"அம்மா பக்கத்துல எனக்கு ஒரு துண்டு போட்டுட்டு வாங்க."

"நீங்க நல்லாத்தானே இருக்கீய?" என்றாள் தங்கச்சி.

"பஸ்ஸு வந்த பெறவா துண்டு போடுவாக?"

அங்கே இனி யாரையும் அடக்கம் செய்ய விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கம்பாவது போய் அவள் பக்கத்தில் நிற்கட்டும் என்பதுதான் அவர் ஆசை.

செக்போஸ்டிலேயே அது மாட்டிக்கொண்டது. எங்களோடு வரவேண்டிய வனக்காவலர் சீவலப்பேரிக்காரர், சின்ன வயசு. சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"வெளியிலருந்து செடி, கம்பு, விதை எதுவும் உள்ள போகக் கூடாது, அண்ணாச்சி."

அப்பாவின் ஆசையைச் சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. தங்கச்சி விடவில்லை. "தேயிலை மட்டும் இங்கன தானா முளைச்சுதா தம்பி?"

"அதனாலதானக்கா இப்பம் இவ்வளவு சட்டம்" என்று சிரித்தார். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் நடந்தோம். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதே வழி முழுக்க எனக்கு யோசனை.

அப்பா சொன்னது நிஜம். எங்கள் இடுப்பளவு தேயிலை இப்போது தலைக்கு மேலே நின்றது. தண்டெல்லாம் பாசி, கிளையெல்லாம் வெள்ளைப் பூ. வெயிலில் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மா கொழுந்து பறித்த செடிகள். அவற்றின் நிழலில் நாங்கள் குனிந்து நடந்தோம். நடுநடுவே காட்டு மரக்கன்றுகள் புகுந்திருந்தன. ஆனால் வரிசை மட்டும் கலையவில்லை.

"பாத்தி கட்டி வச்ச மாதிரியில்லா இருக்கு இந்தக் காடு" என்றார் காவலர். வயக்காட்டுப் பிள்ளை, கண் அங்கேதான் போகிறது.

லயன் இருந்த இடத்தில் சுவர் கூட இல்லை. கொய்யாத் தோப்பு ஒன்று அடர்ந்து கிடந்தது. "கரடி இந்தக் கொய்யாவுக்குத்தான் இங்கனயே சுத்துது. பைய வாங்க" என்றார்.

"எங்க லயன் பிள்ளைய துப்பின விதையாக்கும் எல்லாம்" என்றாள் தங்கச்சி, ஏதோ தானே ஊன்றி வளர்த்ததுபோல.

கல்லறைக்குப் போனால் அங்கே கல்லறையே தெரியவில்லை. ஒரு முள்முருங்கைக் காடுதான் நின்றது. நட்ட சிலுவைகள் அத்தனையும் மரம். யார் எது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். முள் குத்தியதுதான் மிச்சம். கடைசியில் சரிவோரத்தில் ஒரு மரத்துக்கு நெஞ்சு உயரத்தில் இடுப்பை இறுக்கிப் பிடித்ததுபோல ஒரு குழிவு இருந்தது. விரல் வைத்தால், பட்டைக்குள் துருப்பிடித்த கம்பி. மற்றவர்களெல்லாம் கயிற்றால் கட்டினார்கள். கம்பியால் கட்டியது அப்பா ஒருவர்தான்.

தங்கச்சி மெழுகுவர்த்தியை எடுத்தாள். தீ கூடாது என்றார் காவலர். ஏற்றாமலே வேரடியில் நட்டுக் காட்டிவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தாள். அப்போதுதான் அவர் தரையைக் காட்டினார்.

"இதைப் பாத்தியளா? ஆனை முறிச்சுப் போட்டிருக்கு."

அம்மாவின் மரத்திலிருந்து முறிந்த பெரிய கிளை ஒன்று மேட்டுப் பக்கமாக அருகிலேயே கிடந்தது. கிடந்த கிடையிலேயே அது மண்ணில் வேர்விட்டு, மேலே ஆள் உயரத்துக்கு ஒரு தளிர்க்கம்பு நிமிர்ந்திருந்தது.

"இது வெளியிலருந்து வந்ததில்ல. அப்பாவுதுன்னு வச்சுக்கிடுங்க" என்றார் காவலர்.

திரும்பும்போது செக்போஸ்டில் சாக்கை எடுத்துக்கொண்டோம். வாசலில் காத்திருந்த அப்பா, என் கையில் கம்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனார்.

"நாங்க துண்டு போட வேண்டியதே இல்லப்பா. அம்மாவே போட்டு வச்சிருக்கா" என்று நடந்ததைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். ஆனை முறித்த இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"பள்ளத்துப் பக்கம் யாரு நிக்கா?"

"அம்மா."

"அப்பச் சரி" என்றார். "சன்னலோரம் அவளுக்குத்தான்."