ஆளுக்கு ஒரு கூடை வெங்காயம்

எங்கள் நிலம் வெங்காயத்தால் போயிற்று. இதைச் சொன்னால் டவுனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். செட்டிகுளம் பக்கத்து ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். அங்கே ஊருக்கு நாலு பேராவது அப்படி விட்டிருப்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின வருடம் அப்பா சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிய கையோடு விற்றுவிட்டார். இரண்டே மாதத்தில் விலை இரட்டிப்பானது. அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவே இல்லை. அடுத்த வருடம் விளைந்ததை விற்காமல் காட்டிலேயே பட்டறை போட்டார். கல் அடுக்கி, மேலே கழி பரப்பி, நான்கு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி தட்டி கட்டி, வெங்காயத்தைக் கொட்டிக் கீற்று வேய்வதுதான் பட்டறை. புரட்டாசியில் விதைக்குத் தேடி வருவார்கள், கேட்ட விலை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். தப்பான எண்ணம் இல்லை. ஆனால் அதோடு நிற்காமல், இரண்டு ஏக்கர் காட்டின் பத்திரத்தையும் அம்மாவின் நகையையும் அடகு வைத்து, அக்கம்பக்கத்துக் காடுகளின் வெங்காயத்தையும் வாங்கிப் பட்டறையை நீட்டிக்கொண்டே போனார்.

பாடாலூரிலிருந்து வியாபாரி ஸ்கூட்டரில் வருவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலையை ஏற்றிக் கேட்பார்.

"இதுக்கு மேல ஏறாதுண்ணே. குடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க."

"நான் நல்லாத்தான்யா தூங்குறேன். நீதான் வாரத்துக்கு மூணு தடவ வந்து எழுப்புற."

ஆவணியில் விடாமல் மழை பிடித்தது. அப்பா யாரிடமோ லாரித் தார்ப்பாய்களை வாங்கி வந்து, பட்டறையைத் தரை வரைக்கும் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்தினார்.

"காத்து போவ வேணாமாங்க? மூச்சு முட்டிப் போயிரும்" என்றாள் அம்மா.

"வெங்காயத்துக்கு மூக்கா இருக்கு?"

மழை விட்டு வெயில் அடித்தது. மறுபடி மேகம் கூடிற்று. அப்பா தார்ப்பாயை எடுக்கப் பயந்து ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டார். பிறகு பிரித்தபோது உள்ளேயிருந்து இட்லிப்பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. அந்த நாற்றம் ஊருக்குள் வரைக்கும் போனது.

எங்கள் காட்டுக்கு எப்போதும் ஆள் கூட்டி வருகிற ஒரு அத்தை இருந்தார். உறவு இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அவரும் இன்னும் எட்டுப் பெண்களும் இரண்டு நாள் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கினார்கள். தேறிய காய் ஒரு மூலைக்குக்கூட வரவில்லை. பாதி அழுகியது ஒரு குவியல். மற்றதெல்லாம் சேறு.

இரண்டாம் நாள் சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டும். அப்பா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தைதான் முதலில் பேசினார்.

"காசு கெடக்கட்டும்ண்ணே. வூட்டுல கொழம்புக்குக் காய் இல்ல. கூலிக்கு ஆளுக்கு ஒரு கூடை அள்ளிக்கிறோம்."

"அப்ப நல்லதுல எடுத்துக்கங்க."

"நல்ல காய நறுக்குனா கண்ணு எரியுதுண்ணே. எங்களுக்கு இதுதான் தோது" என்று பாதி அழுகிய குவியலில் அள்ளினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் யாரிடமும் வாய் திறக்காத பெண். இன்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் அத்தையின் கூடையைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க வெங்காயம்" என்றேன்.

"அண்ணே, வியாபாரத்த ஒங்க மவ கையில குடுத்திருக்கலாம். ஒரு காய் வெளிய போவாது" என்றார் அத்தை. அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார்.

புரட்டாசியில் விதைக்காய் விலை, அப்பா கனவிலும் கேட்காத விலைக்குப் போனது. எங்களிடம் விற்கிற அளவுக்குக் காய் இல்லை. தை மாதம் காட்டை விற்றோம். பெரம்பலூரில் ஒரு மண்டியில் அப்பா மூட்டை எடை போடும் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பத்தாவது வரைக்கும் படித்தேன், கல்யாணமும் ஆனது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மண்டிக்கு அத்தை எப்போதாவது வந்தால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அப்பா எழுந்து நிற்பார். முதலாளிக்குக்கூட அவர் அப்படி எழுந்ததில்லை.

அந்தக் கூலி நாளுக்கு மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அத்தை வீட்டு எருக்குழியைப் பார்த்தேன். அவர் அள்ளிப்போன எங்கள் வெங்காயம் மொத்தமும் அதில் கொட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டுக் குழியிலும் அப்படியே. பையோடு வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்.

"அம்மா, நம்ம காயெல்லாம் எருக்குழியில கொட்டிட்டாங்க. ஒண்ணுகூட ஆக்கல."

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, அவர்கள் தெரு இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

இவ்வளவு காய் வீணாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "இனிமே அவங்கள வேலைக்குக் கூப்புடாதம்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.