ஆட்டம் பார்க்க வந்தவள்

வலைப்பந்தில் நம் நாட்டுப் பெண்கள் பதக்கம் வென்ற வருடம், வலைப்பந்துச் சங்கத்தார் ஊர் ஊராக வளையம் மாட்டிய கம்பம் நட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். விராலிமலைப் பள்ளிக்கும் ஒரு கம்பம் வந்தது.

அதன்பிறகு என் மகள் தாவணியெல்லாம் புழுதியாக, பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினாள். "பந்து வெளையாடுனேன் ஆத்தா" என்பாள். வயசுப்பெண் பந்து விளையாடுவாளா? நான் நம்பவில்லை. எவனுடனாவது பேசிக்கொண்டு நின்றால் அன்றோடு படிப்பை நிறுத்திவிடுவது என்று, ஒருநாள் போய்ப் பள்ளி வேலியோரம் ஒளிந்து நின்றேன்.

உள்ளே எல்லாம் பெண்பிள்ளைகள். மகள் எக்கி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. திரும்பியவள் என்னைக் கண்டுவிட்டாள்.

"டீச்சர், எங்க ஆத்தா என் ஆட்டத்தப் பாக்க வந்திருக்கு!" என்று கத்தினாள்.

"ஏங்க அங்கிட்டு நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

ஆமாம், ஆட்டம் பார்க்கத்தான் வந்தேன் என்று தலையாட்டினேன். உண்மையை இன்றுவரை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.