மயிலம் ஸ்டேஷனில் புளிச்சோறு

விழுப்புரத்தில் நாங்கள் ஏறிய பாசஞ்சர், திண்டிவனத்துக்கு முன்னால் மயிலத்தில் நிற்கிறது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டுமாம். பெட்டி கொதிக்கிறது. கணவருக்குக் கம்பெனியில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. இந்த லீவுக்கு மெரினாதான் எங்கள் டூர்.

எதிர் சீட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு இருக்கும் அம்மா தன் சோற்றை அவிழ்க்கிறார்.

"புள்ளைங்களுக்குச் சோறு போடும்மா. வண்டி இப்போதைக்குப் போவாது."

"பீச்சுல சாப்பிடக் கட்டுனதுங்க."

"நாங்க நெதம் இங்கதாம்மா துன்னுக்கினு இருப்போம்."

அலுப்போடு புளிச்சோற்றைப் பிரிக்கிறேன். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்துபோகிறது.

"போன வருஷம் நாமளும் அந்த மாதிரி வண்டியிலதானே போனோம்?" என்கிறாள் மகள்.

"ஆமா."

"அப்ப நமக்காக யாரும்மா நின்னாங்க?"

எதிர் சீட்டு அம்மா மென்றுகொண்டே கையைத் தூக்குகிறார்.