ஜும்ஆ நேரத்தில் ஏறிய மலை

வளைகுடாவில், ரூவியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த மலையில் ஏறியதற்காக நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனிமேல் கேட்கிற உத்தேசமும் இல்லை. வாப்பாவுக்கு இது தெரியும். அதனால்தான் இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு அப்போது பத்து வயது. கீழ்த்தளத்தில் வாப்பாவின் துணிக்கடை, மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. பள்ளிக்கூட வேனில் போவேன், அதே வேனில் வருவேன். உம்மாவுக்கு அந்த வேனும் கிடையாது. காய்கறி முதல் காய்ச்சல் மருந்து வரை வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, வாங்கிவந்து கொடுத்துவிடுவார். நாங்கள் பார்த்த மீதி உலகமெல்லாம் டிவியில்தான்.

அதில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வருவார். ஒரு கத்தி, ஒரு பாட்டில், ஒரு கயிறு, அவ்வளவுதான். காட்டில் இறங்குவார், பனியில் உருளுவார், பாலைவனத்தில் தனியாக நடப்பார். “இந்தப் புழுவில் புரதச்சத்து ஏராளம்” என்று சுத்தத் தமிழ் டப்பிங்கில் அறிவித்துவிட்டு அதை வாயில் போட்டுக்கொள்வார். “சீச்சீ, இந்த மனுசனுக்கு ஆக்கிப்போட வீட்ல ஆளு இல்லையா?” என்பாள் உம்மா. ஆனால் எழுந்து போகமாட்டாள்.

எங்கள் மலையில் மரமும் இல்லை, புல்லும் இல்லை. உடைந்த பாறையும் ஆடு போன தடமும்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஏறட்டுமா என்று வாப்பாவிடம் கேட்டேன்.

“பொம்பளப் புள்ளக்கி என்னா மலை? போலீஸ் பாத்தா விசா கேன்சலாயிரும்.”

வாப்பாவிடம் எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு பதில்தான். பால்கனியில் நின்று சத்தமாகச் சிரித்தாலும் விசா கேன்சலாகிவிடும். அன்றைக்கே முடிவெடுத்தேன், ஏறியே தீருவது என்று.

ஆண்களின் கண் படாத நேரம் ரூவியில் வாரத்துக்கு ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. கடை ஷட்டர்களெல்லாம் இறங்கி, தெரு துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். சிவப்பு ஸ்கூல் பையில் தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம்பழமும் துணி காயப்போடும் கயிறும் வைத்து, உம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து நழுவினேன்.

பாதி மலைவரை நான்தான் அந்தத் தாடிக்காரர். அதற்குமேல் கால் வைத்த இடமெல்லாம் சரளை சரிந்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். டிவியில் அவர் ஒருநாளும் அழுததில்லை. அழுதிருந்தாலும் அந்தக் காட்சியை வெட்டியிருப்பார்கள்.

சமையலறை சன்னல் வழியாக உம்மா பார்த்துவிட்டாள். அபாயா அங்கியை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, வழுக்கிய பாத்ரூம் செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஏறிவந்தாள். முதுகில் ஓர் அறை விழுமென்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

“காலப் பக்கவாட்டுல வையி புள்ள. சரளையில நேரா வைக்கக் கூடாதுன்னு டிவியில அவன் சொன்னானுல்ல?”

வைத்தேன். நின்றது. “எறங்குவமா உம்மா?” என்றேன். அவள் மேலே பார்த்தாள்.

“இவ்வளவு வந்தாச்சு. வா.”

உச்சியிலிருந்து பார்த்தால் இரண்டு மலைகளின் இடுக்கில் ஒரு கீற்றுக் கடலும் ஒரு கப்பலும் தெரிந்தன. உம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தொழுகை முடியப்போவுது” என்றேன்.

“முடியட்டும்” என்றாள்.

என் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. பள்ளிவாசல் நிறைந்துவிட்டால், பிந்தி வருகிறவர்கள் மலையடிவாரத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்துத் தொழுவார்கள். வாப்பா எப்போதும் பிந்தித்தான் போவார். அது எனக்குத் தெரியாது. தொழுகையை முடிக்க அத்தனை பேரும் சலாம் சொல்லி முதலில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். வலப்பக்கம்தான் மலை. உச்சியில் ஒரு கறுப்பு அபாயாவும் ஒரு சிவப்புப் பையும். வாப்பா இடப்பக்கத்து சலாமையும் ஒழுங்காகக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்து ஓடினார் என்று, பக்கத்தில் தொழுத சாச்சா பிறகு சொன்னார்.

வீட்டுக்குள் கதவைச் சாத்தியதும் வாப்பா வெடித்தார்.

“ஜமாஅத்தே பாத்துச்சு! இனி எவன் மூஞ்சில முழிக்கிறது? எல்லாம் இந்த டிவியால. இன்னிக்கே டிஷ்ஷக் கழட்டுறேன்.” சாச்சாவிடம் ஸ்பேனர் எடுத்துவரச் சொன்னார்.

உம்மா கதவை மறித்து நின்றாள். உள்ளங்காலில் கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“தாராளமாக் கழட்டுங்க. கழட்டுனா அடுத்த ஜும்ஆவுக்கும் நான் அங்கனதான் இருப்பேன். சலாம் குடுக்கும்போது பாத்துக்கிடுங்க.”

சாச்சாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாப்பா அவரை முறைத்தார், என்னை முறைத்தார், உம்மாவை மட்டும் முறைக்க முடியாமல் சோபாவில் போய் உட்கார்ந்தார். டிஷ் கழற்றப்படவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்காக எங்கள் உம்மா வாப்பாவையே எதிர்த்து நின்றாள் என்று பள்ளி வேன் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். அந்த மாதமே எனக்குத் தாடிக்காரர் அலுத்துப்போனார்; கார்ட்டூனுக்கு மாறிவிட்டேன். ஆனால் சாயங்காலம் வந்து கேட்டால் உம்மா ரிமோட்டைத் தரமாட்டாள். “இரு, அவன் ஆத்தத் தாண்டட்டும்” என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்காகச் சண்டை போட்டு மீட்ட டிவியை எனக்கே தர மறுக்கிற உம்மா எங்காவது உண்டா என்று சாச்சாவிடம் போய் முறையிட்டேன்.