நீளப் பலகைக்கு எதிராகப் பேசியவன்

என் தங்கைக்குப் பிறந்த நாள் பரிசாக, ஏறி நின்று உருண்டோடும் சக்கரப் பலகை ஒன்று வாங்குவதென்று நான் முடிவு செய்தபோது, அவளுடைய தட்டச்சு உயர்நிலைத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதில் தேறினால் மவுண்ட் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை உறுதி. அப்பா அந்த ஆவணியோடு ஓய்வு பெறவிருந்தார். ஆகவே மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அப்போது எல்லாவற்றையும்விடக் கவனமாகக் காக்கப்பட்டவை அவளுடைய இரு கைகள்தான். அம்மா அவளைத் தேங்காய்கூடத் துருவ விடவில்லை.

அப்படியிருக்கப் பலகை எதற்கு? அடுத்த தெருவில் குடியிருந்த வெளிநாட்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தன் பலகையில் அவளை இரண்டு முறை ஏற்றியிருந்தாள். பிறகு அக்குடும்பம் ஊர் திரும்பியது. பலகையும் உடன் போயிற்று. என் தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டச்சுப் பயிலகத்துக்குப் போகும் வழியில், பூட்டிய அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை மெதுவாகும். அதைக் கண்டவன் நான். அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கித் தருகிறேன் என்று வாக்களித்தவனும் நானே.

அந்தக் குடும்பத்தின் பலகையைப் பழுது பார்த்தவர் ராயப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதைப் பார்த்தே, ரோலர் ஸ்கேட் சக்கரங்களை மரத்தில் பொருத்தி இரண்டு பலகைகள் செய்து சுவரில் சாத்தியிருந்தார். ஒன்று நான்கடி நீளம், நல்ல அகலம். மற்றது இரண்டடி, ஒடுக்கமானது, பார்வைக்கு மிக அழகானது. கல்லூரியில் என்னோடு மேடையேறும் நண்பனும் உடன் வந்திருந்தான்.

"யாருக்கு நைனா, உனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"தங்கச்சிக்கு. இப்பதான் கத்துக்கப் போறா."

"அப்ப நீட்டுதான். புச்சா ஏர்றவங்களுக்குப் படகாட்டம் போவும். இந்தக் குட்டை கீதே, சொல்லாம கொள்ளாம தள்ளிவுட்டுடும்."

அவர் சொன்னது சரியென்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. தலையையும் ஆட்டினேன். அங்கேயே வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் பேச்சு மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த முடிவானாலும் அதைத் தலைப்பாக்குவோம். யார் எந்தப் பக்கம் என்று சீட்டெடுப்போம். நடுவருக்குச் சீட்டைப் பற்றிச் சொல்லமாட்டோம். தீர்ப்புக்குப் பின் வாய் திறக்கமாட்டோம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியை வீணாக்குவானேன் என்று நண்பன் கேட்டான். எனக்கும் ஆசைதான்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த மாலையில், எங்கள் வீட்டு வாசற்படியில் சீட்டெடுத்தோம். அவனுக்கு நீளம் வந்தது, எனக்குக் குட்டை. நடுவர், பலகையில் ஏறப்போகிற என் தங்கை. பரிசுக்குப் போய் யாராவது சீட்டெடுப்பார்களா என்று அவள் சந்தேகிக்கக்கூட இல்லை.

நண்பன் கடைக்காரர் சொன்னதையே சற்று நீட்டிச் சொன்னான். பிறகு நான் எழுந்தேன். நன்றாகப் பேசினேன், அதை இன்றும் மறுக்க மாட்டேன். "தட்டச்சு கற்க வந்த நாளில், பாதி எழுத்துகளை மறைத்து வைத்த யந்திரத்தையா நடுவர் அவர்களுக்குக் கொடுத்தார்கள்? எதில் தேர வேண்டுமோ அதில்தானே தொடங்கினீர்கள்? பலகை நடுங்குவதில்லை, நடுவர் அவர்களே. அதன்மேல் நிற்கும் அச்சம்தான் நடுங்குகிறது!"

அவள் கை தட்டினாள். "குட்டைக்கே ஜெயம்!"

நண்பன் படியிறங்கும்போது கேட்டான்: "மச்சி, நெஜமாவே நீ குட்டைதான் சரின்னு நெனைக்கிறியா?"

"தீர்ப்பு வந்தாச்சு" என்றேன்.

மறுநாள் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து நல்லா தலைய ஆட்னியே நைனா?"

"அவளே தேர்ந்தெடுத்தா."

"அதுக்கு இன்னா தெரியும்? கூட நீ இல்ல?" என்றார். சக்கரத்தின் மறையாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்கியதையே மறுபடியும் இறுக்கினார்.

விடியற்காலையில், பால் வாங்கப் போகிறோம் என்ற பேரில், அடுத்த தெருவில் அவள் பழகினாள். வேகம் கூடியதும் பலகையின் முன்பாகம் இடமும் வலமும் உதறும். அந்த ஓசையைத் தெருமுனையிலிருந்தே என்னால் இனம் காண முடிந்தது. முதல் வாரம் முழங்கை சிராய்த்தது. தாவணித் தலைப்பால் மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் உள்ளங்கை. ஒருநாள் அவள் தட்டச்சுத் தாளில் வழக்கமில்லாத பிழைகள் இருந்தன. கை எரிகிறது என்றாள்.

"பலகையை மாத்திடலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்கு? பலகை நடுங்காதுன்னு நீதானே சொன்னே. நான்தான் பயந்துண்டு நிக்கறேன். அதையே மனசுக்குள்ள சொல்லிண்டு ஏறறேண்ணா, இப்போ தேவலை."

என் வாக்கியத்தை அவள் மந்திரம்போல் வைத்திருந்தாள். அது சீட்டில் வந்த வாக்கியம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வென்ற பேச்சை நானே எப்படித் திரும்பப் பெறுவேன்?

தேர்வுக்கு நான்கு நாள் முன், ஞாயிற்றுக்கிழமை, அடையாறு பாலத்தின் சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டுமென்றாள். வெளிச்சம் அப்போதுதான் பரவியிருந்தது. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. முந்தின நாள் ஏதோ லாரியிலிருந்து சிந்திய மணல், சரிவின் பாதியில் ஒரு பட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன்.

அவள் ஒரு காலைப் பலகையில் வைத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி, நீ என்னைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கு நான் பேசினது இருக்கே, ஒரு பேச்சுக்கு ரெண்டு பக்கம் உண்டு; அதுல பேசறவன் எந்தப் பக்கம் நிக்கறான்கறது..."

"வந்து கேக்கறேண்ணா!" என்று சிரித்துக்கொண்டே அவள் சாலையை உந்தினாள்.

எனக்குத் தெரிந்த அதே உதறல் ஓசை. அது வேகமெடுத்தது. மணலை எட்டியதும் நின்றது. அவள் வலக்கையை ஊன்றி விழுந்தாள்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அம்மாவிடம் யார் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"பாலத்துல என்னமோ சொல்ல வந்தியே, என்ன?"

"உனக்கு நீளப் பலகைதான் சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும். குட்டை எனக்குச் சீட்டுல வந்தது."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் இறக்கி வைத்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா அத்தனை பீடிகை?"

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, வியாழக்கிழமைத் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள்.