மாதிக்கு அடி பழகவில்லை

"வாய மூடு முத்தம்மா! மாதி எவன்கூடவோ போயிட்டாளாமே! நீ போய் வழியனுப்பிட்டு வந்தியா?"

குழாயடியில் நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் குடத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முத்தம்மா அசரவில்லை.

"ரெண்டு அறைக்கு யாராச்சும் ஊட்ட வுட்டுப் போவாங்களா ஆயா? நாமல்லாம் வாங்காத அடியா? காட்டுக்காரிக்கு அவ்ளோ திமிரு."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நாம் வாங்கினோமாம், அதனால் அவளும் வாங்க வேண்டுமாம். அடி என்ன சீதனமா, தலைமுறைக்குத் தலைமுறை கொடுக்க?

மாதி அஞ்செட்டிக்கு மேலே மலையில் பிறந்த இருளர் வீட்டுப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தவள், அங்கே கம்பெனி கேப் ஓட்டிய ரங்காவைக் கட்டிக்கொண்டு நீலசந்திராவில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினாள். சிறுவயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். எந்தக் குடிசையில் அடுப்பு எரிகிறதோ அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். ஒருமுறை தேன் பானையைப் போட்டு உடைத்துவிட்டாள். அப்பன் அடிக்கவில்லை. "மண்ணு குடிக்கறதுக்குள்ள நீ நக்குடீ" என்று சிரித்தானாம்.

அவள் ஊரில் ஒருவன் வீட்டில் கை ஓங்கினால், எல்லோரும் வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். "உனக்கு இன்னாப்பா ஆச்சு?" என்று அவன் வாய் திறக்கும்வரை கேட்பார்களாம்.

அதனால்தான் ரங்கா முதல்முறை அறைந்தபோது அவள் எங்கள் வீட்டு வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "எங்க ஊட்டுக்காரருக்கு என்னமோ ஆயிடுச்சு. வந்து ஒக்காந்து கேளுங்க."

எதிர்வீட்டுக் கோவிந்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டினான். இதே முத்தம்மா, "புருஷன் அடிச்சதுக்குப் பத்திரிகை வெக்கிறா பாரு!" என்று சிரித்தாள். நான் போனேன். நடுவீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாடா ஆச்சு உனக்கு?"

"எழுந்து போ கெழவி. என் பொண்டாட்டி, நான் அடிப்பேன்."

ஒரு கிழவிக்கு அவன் எதற்குப் பதில் சொல்வான்? வரிசையே வந்திருந்தால் சொல்லியிருப்பான்.

கொஞ்ச நாளில் மாதியின் குழந்தை சௌம்யாவுக்கும் அடி விழ ஆரம்பித்தது. மாதி குறுக்கே விழுவாள், அதற்கும் சேர்த்து வாங்குவாள்.

அவள் கிளம்பிப் போன அன்று காலை தோசை மாவு கொடுக்கப் போயிருந்தேன். ரங்கா ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுக்கக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டது. அழக்கூட இல்லை.

மாதி பார்த்தாள்.

"பழகிட்டா ஆயா" என்றாள் என்னிடம். அவ்வளவு மெல்லிய குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. அடுப்பை அணைத்தாள். குழந்தைக்குச் செருப்பு மாட்டினாள்.

"எங்கடீ கெளம்பிட்ட?" என்றான் ரங்கா.

"எங்கம்மா ஊட்டுக்கு. அங்க இவள யாரும் தொடமாட்டாங்க. கொஞ்ச நாள்ல மறந்துடுவா."

"போனா அப்படியே போயிடு!"

மாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வரிசையே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வாசல்படி இறங்கினாள்.